பதிலுக்கு விட்ட இடைவெளி

சமையற்காரர்தான் அதை முதலில் சொன்னார். ஒரு பட்டாலியனுக்கே அடுப்பு மூட்டுகிற ஆள்; ஆங்கிலம் என்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வகுப்பின் நடுவே ஹெட்போனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"சார், நான் பதில் சொல்றதுக்குள்ள இன்னொருத்தர் சொல்லிடறாரு சார்."

"யாரு, பக்கத்துல இருக்கறவரா?"

"இல்ல சார். இதுக்குள்ள." ஹெட்போனைத் தொட்டுக் காட்டினார்.

வகுப்பு சிரித்தது. பாடம் நடத்திய மேஜரும் சிரித்தார். "உங்களை முந்திக்கிட்டு ஒருத்தர் படிக்கிறார்னா நல்லதுதானே, நீங்களும் கொஞ்சம் வேகமா ஓடுங்க," என்று சொல்லி உட்கார வைத்தார். ஆனால் சிலர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தார். லாரி டிரைவர் ஒருவர் தன் ஹெட்போனை மேசைமேல் வைத்துவிட்டு, சூடான பாத்திரத்தை இறக்கி வைத்தவரைப் போலக் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

அது ராணுவத்தின் மொழிப்பள்ளி. அமைதிப் படைக்காக வெளிநாடு போகிற வீரர்களுக்கு அங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார்கள். பழைய ஆயுதக் கிடங்கைத் தடுத்து வகுப்பறைகள் ஆக்கியிருந்தார்கள். மொழிக்கூடத்தில் ஆளுக்கொரு தடுப்பு, தடுப்புக்கொரு ஹெட்போன். பாடங்கள் எல்லாம் மேஜரின் குரலில் பதிவானவை. ஒரு வாக்கியம் சொல்வார். பிறகு மாணவன் திருப்பிச் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் விடுவார். பிறகு அடுத்த வாக்கியம். அந்த இடைவெளியில் இருக்க வேண்டியது வெறும் நிசப்தம் மட்டும்தான்.

மேஜர் படையில் சேர்ந்தது சண்டை போடத்தான். லெப்டினன்டாக இருந்தபோது ஒருமுறை வெளிநாட்டு நிருபர்கள் வந்தார்கள். அவர்களோடு தடுமாறாமல் ஆங்கிலத்தில் பேசிவிட்டார். அதுதான் வினையாகப் போனது. அன்றைக்கே துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு மைக்கைக் கொடுத்துவிட்டார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதன்பின் மக்கள் தொடர்புப் பிரிவுதான். போர் நடந்த வருடங்களில் மாலைச் செய்தியில் ராணுவத்தின் குரல் என்றால் அது அவர் குரல். பின்வாங்கியதை 'நிலைகளைச் சீரமைத்தோம்' என்று சொல்லத் தெரியும். கேள்வி கேட்டவருக்குப் பதில் கிடைத்த மாதிரி இருக்கும், வெளியே போய் யோசித்தால் கையில் ஒன்றும் இருக்காது. அந்த வித்தையில் அவர் மன்னன்.

சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானதும் அவரை மொழிப்பள்ளிக்கு அனுப்பினார்கள். முக்கியமான அறிவிப்பு இருந்தால் மட்டும் மைக் முன்னால் கூப்பிடுவார்கள். பலரும் இதைத் தண்டனை என்று நினைத்தார்கள். அவருக்கோ நிம்மதியாக இருந்தது. இங்கே மேசை என்றால் மேசைதான். கதவு மூடியிருக்கிறது என்று சொன்னால் கதவு மூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு சமையற்காரரின் இடத்தில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முதல் பாடம். அவர் குரலே அவரை வரவேற்றது. "திஸ் இஸ் எ டோர்." இடைவெளி.

அந்த இடைவெளியில் யாரோ மூச்சை இழுத்தார்கள். பிறகு, கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல, "திஸ்... டோர்," என்றது ஓர் ஆண் குரல்.

மேஜர் ஹெட்போனைக் கழற்றினார். ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம். மறுபடி மாட்டினார். "திஸ் இஸ் எ விண்டோ." மூச்சு. "திஸ்... விண்டோ."

ஒலிப்பதிவைப் பார்த்துக்கொண்ட சார்ஜென்டை எல்லாரும் பூனைக்காது என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று அறை தள்ளி மின்விசிறியில் திருகு தளர்ந்திருந்தால்கூடச் சொல்லிவிடும் பெண். அவளைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கம்ப்யூட்டரில் ஒலியின் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மேஜர் பேசிய இடங்களில் மேடும் பள்ளமுமாக இருந்தது. இடைவெளிகளில் கோடு செத்த மாதிரி நேராகக் கிடந்தது.

"இங்க எதுவுமே இல்ல சார்," என்றாள்.

"உனக்குக் கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுது சார்." தன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். "ஸ்பீக்கர்ல போட்டா கேட்கல. காதுல மாட்டினாத்தான் கேட்குது. பின்னாடி தண்ணி சொட்டற சத்தமும் இருக்கு."

பாடத்தை அழித்துவிட்டு வேறு அறையில், வேறு மைக்கில் புதிதாகப் பதிவு செய்தார்கள். போட்டுக் கேட்டார்கள். அதே குரல். ஆனால் இந்தத் தடவை, "திஸ் இஸ் எ டோர்," என்று முழுதாகச் சொன்னது. கற்றுக்கொண்டுவிட்டது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் ராணுவ மருத்துவமனையில் மருந்தாளுநர். எதற்கும் எளிதில் அசைகிறவள் இல்லை. துணி மடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"உயிரோட இருக்கறவங்க யாரும் உங்க பேச்சை இவ்வளவு கவனமாக் கேட்டதில்லை," என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியைக் கீழே வைத்தாள். "விளையாட்டுக்குச் சொன்னேன். உங்களுக்கு அந்தக் குரல் யாருன்னு தோணுது?"

அவருக்குத் தோன்றியது.

மக்கள் தொடர்புப் பிரிவில் ஒரு புகைப்படக்காரர் இருந்தார். ஃப்ளாஷ் என்று பெயர் வைத்திருந்தார்கள். போரின் கடைசிக் குளிர்காலத்தில், ஆற்றங்கரையில் இருந்த ஒரு காலி ஊருக்கு ரோந்துப் படையோடு படம் எடுக்கப் போனார். இரண்டு பக்கமிருந்தும் பீரங்கி பொழிந்தது. படை திரும்பி வந்தது, ஃப்ளாஷ் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. 'பணியின்போது காணாமல் போனவர்' என்று அறிவித்தது மேஜர்தான். போர் முடிந்தும் அந்த ஊர் கண்ணிவெடி நிறைந்த நிலமாகக் கிடந்ததால் யாரும் போய்த் தேடவில்லை.

வகுப்பில் வீரர்கள் மெல்லப் பழகிவிட்டார்கள். பயந்து ஓடினால் பட்டாளத்தில் மானம் போய்விடும் என்பதும் ஒரு காரணம். ஜன்னல் ஓரத் தடுப்பை அந்தக் குரலுக்கென்று காலியாக விட்டார்கள். யாரும் சொல்லிச் செய்ததல்ல. சமையற்காரர் மட்டும் இடைவெளி வரும்போது வாயை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்பார்.

"நீங்க சொல்லலையா?" என்று மேஜர் கேட்டார்.

"அவர் சொல்லி முடிக்கட்டும் சார். பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டு சொல்றாரு."

அது உண்மை. எண்கள், நிறங்கள், உறவு நட்புச் சொற்கள், வீட்டில் உள்ள பொருட்கள் என்று பாடத்துக்குப் பாடம் அந்தக் குரல் தேறிக்கொண்டே வந்தது. சில சமயம் நடுவில் இருமும். சில சமயம் ஒரு சொல்லைத் தவறாகச் சொல்லிவிட்டு, தானே திருத்திக்கொள்ளும். பூனைக்காதுக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

"சார், நம்ம ஆளுங்க யாரும் 'ஆர்' இப்படி உருட்டிச் சொல்ல மாட்டாங்க."

"குளிர்ல நாக்கு விறைச்சிருக்கும்," என்றார் மேஜர். அவர் மனதில் ஃப்ளாஷ் என்று முடிவாகியிருந்தது.

பிறகு இடத்தைக் குறிக்கும் சொற்களின் பாடம் வந்தது. மேலே, கீழே, பின்னால், பக்கத்தில். பதிவில் மேஜர் கேட்டார், "வேர் இஸ் த பென்?" மேசைமேல் என்று பதில் வர வேண்டும். வகுப்பு முழுவதும் ஹெட்போனில் காத்திருந்தது.

"அண்டர்," என்றது குரல். கொஞ்சம் பொறுத்து, "அண்டர் த ஸ்டேர்ஸ்."

"வேர் இஸ் த கப்?"

"அண்டர் த ஸ்டேர்ஸ்."

"வேர் இஸ் த சேர்?"

"அண்டர். அண்டர். அண்டர்."

லாரி டிரைவர் எழுந்து வெளியே போய்விட்டார். மேஜர் வகுப்பை அத்தோடு முடித்துக்கொண்டார்.

அன்று பிற்பகலே பூனைக்காதைக் கூட்டிக்கொண்டு ஒலிப்பதிவு அறைக்குப் போனார். கேள்விகளைத் தயார்செய்யும்போதுதான் ஒன்று உறைத்தது. தான் சொல்லிக்கொடுத்த சொற்கள் மட்டும்தான் அந்தக் குரலுக்குத் தெரியும். வாழ்க்கை முழுவதும் சொல்லைச் சுற்றி வளைத்துப் பிழைத்தவர், முதல்முறையாக ஒரு குழந்தைக்குப் புரிகிற சொற்களைத் தேடி எடுத்தார். பள்ளிக்கூடம் இருந்தது, ஆறு இருந்தது, குளிர் இருந்தது. சாவு என்ற சொல் எந்தப் பாடத்திலும் வரவில்லை. அதனால் அதைக் கேட்க முடியவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பூனைக்காது கையைத் தூக்கினாள். மேஜர் மைக்கில் கேட்டார், "ஆர் யூ கோல்ட்?" பதிலுக்கு இடம் விட்டார். அறையில் ஒரு சத்தமும் இல்லை. இருந்தும் எதிரே யாரோ உட்கார்ந்து வாயைத் திறப்பதுபோல இருந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "வேர் ஆர் யூ?" மறுபடி இடைவெளி. "விச் ஸ்டேர்ஸ்?" மறுபடி.

இரண்டு பேரும் ஆளுக்கொரு ஹெட்போனில் கேட்டார்கள்.

"யெஸ். கோல்ட்." மூச்சு. "ஐ ஆம் அண்டர் த ஸ்டேர்ஸ்." தண்ணீர் சொட்டியது. "ஸ்கூல். ரிவர். ஸ்கூல்."

அந்தக் காலி ஊரில் ஆற்றை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. மேஜர் அதன் படத்தைப் பார்த்திருக்கிறார்.

ஃப்ளாஷின் மனைவி அந்த நகரத்திலேயே ஒரு ஜெராக்ஸ் கடை நடத்திவந்தாள். மேஜர் உள்ளே நுழைந்ததும் வாடிக்கையாளருக்குச் சில்லறை கொடுத்து அனுப்பிவிட்டு, கடைக்கதவைச் சாத்தினாள்.

"ஏதாவது கிடைச்சுதா சார்?"

"கிடைக்கல. ஒரு குரல் இருக்கு. நீங்க கேட்டுச் சொல்லணும். இதை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலம்மா."

"உங்களுக்கே தெரியலையா? டிவியில எவ்வளவு அழகாச் சொன்னீங்க," என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னாள். "விதவைன்னும் சொல்ல முடியாம, சுமங்கலின்னும் சொல்ல முடியாம நடுவுல நிக்கறேன். குரலாவது கேட்கறேன், வாங்க."

மொழிக்கூடத்தில் அவளுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டது பூனைக்காது. மேஜர் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கடைசிவரை கேட்டு, இன்னொரு முறை போடச் சொல்லி அதையும் கேட்டு, ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது எங்க வீட்டுக்காரர் இல்ல சார்."

"நல்லாக் கேட்டீங்களா? ரொம்ப நாள் ஆச்சு. குரல் மாறியிருக்கும்."

"அவர் தும்மினாக்கூட எனக்குத் தெரியும். இது வேற யாரோ. ரொம்பச் சின்ன வயசு."

மேஜர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை அந்தக் குரலை நினைத்து அவர் பயந்ததில்லை. தெரிந்த மனிதர் என்று எண்ணியிருந்தார். இப்போது பிடரியில் ஈரத்துணி பட்டதுபோல இருந்தது. இத்தனை நாள் தன் வாயிலிருந்து சொற்களை எடுத்துக்கொண்டிருந்தது யார்?

அவள்தான் முதலில் தெளிந்தாள். "சார், அவர்கிட்ட எங்க வீட்டுக்காரரைப் பத்திக் கேளுங்க."

"இப்பவா?"

"நானும் உள்ள வந்து உட்கார்றேன்."

ஒலிப்பதிவு அறையில் அவள் அவருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கேமரா என்ற சொல் பொருட்களின் பாடத்தில் இருந்தது. மேஜர் நிதானமாகக் கேட்டார், "இஸ் தேர் எ மேன் வித் எ கேமரா?" இடைவெளி விட்டார். "வேர் இஸ் ஹி?" இடைவெளி.

போட்டுக் கேட்டபோது முதல் இடைவெளியில் வெகுநேரம் தண்ணீர் மட்டும் சொட்டியது. பிறகு, "யெஸ். கேமரா." இரண்டாவது இடைவெளியில் தயக்கமே இல்லை. நன்றாகப் படித்த மாணவனைப் போல அந்தக் குரல் சொன்னது, "ஹி இஸ் பிசைட் மி."

"என்ன சொல்றாரு?" என்று கேட்டாள் அவள்.

"உங்க வீட்டுக்காரர் பக்கத்துலதான் இருக்காராம்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "அவர் அப்படித்தான் சார். பேச வேண்டிய இடம்னா யாரையாவது முன்னால தள்ளிவிட்டுட்டுப் பின்னாடி நின்னுக்குவாரு. வாடகை வீடு பார்க்கப் போனாக்கூட நான்தான் பேசணும்." அப்போதுதான் அழுதாள்.

கண்ணிவெடி அகற்றும் குழு அந்த ஊருக்கு அருகில்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அதன் தலைவர் மேஜருக்குப் பழைய சிநேகிதர். பள்ளிக்கூடத்தை முதலில் எடுத்துக்கொள்ளும்படியும், மாடிப்படிக்குக் கீழே பார்க்கும்படியும் மேஜர் கேட்டுக்கொண்டார்.

"யார்டா சொன்னது?"

"நம்பத்தகுந்த வட்டாரங்கள்."

"உன் வட்டாரம் எனக்குத் தெரியாதா," என்றார் சிநேகிதர். ஆனால் செய்தார். நிலம் சுத்தமானதும் மேஜரை வரச்சொன்னார்.

பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை. கரும்பலகை மட்டும் எப்படியோ தப்பித்துச் சுவரில் இருந்தது. மாடிப்படி இடிந்து, கீழே இருந்த சின்ன இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. மேலே உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஹெட்போனில் கேட்ட அதே சொட்டு, அதே இடைவெளி. மேஜர் வாசலோடு நின்றுவிட்டார்.

கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். இரண்டு பேர் இருந்தார்கள். சுவரில் சாய்ந்தபடி, தோளோடு தோள். ஒருவர் மடியில் கேமரா இருந்தது. மற்றவரின் சட்டைப் பொத்தான்கள் எதிர்த்தரப்பு ராணுவத்தின் பொத்தான்கள். அவருடைய தொடையில் காயத்தை இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டியிருந்தது கேமராவின் தோல்வார்.

"பீரங்கிக்குப் பயந்து ரெண்டு பேரும் இதுக்குள்ள ஒதுங்கியிருக்காங்க. படி விழுந்து மூடிடுச்சு," என்றார் குழுத் தலைவர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உடனே சாகல. கொஞ்ச நாள் இருந்திருக்காங்க."

மேஜருக்கு எல்லாம் புரிந்தது. அந்தப் பையனுக்கு நம் மொழி தெரியாது. நமக்கு அவன் மொழி தெரியாது. இருந்த இடத்தைச் சொல்ல அவனுக்கு ஒரு மொழி வேண்டியிருந்தது. எங்கோ ஒருவர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, பதிலுக்கு இடமும் விட்டுக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் அவன் வந்து உட்கார்ந்துகொண்டான்.

தலைமையகம் பத்திரிகையாளர் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தது. மேஜரையே பேசச் சொன்னார்கள். கர்னல் கொடுத்த அறிக்கையில் புகைப்படக்காரர் மட்டும்தான் இருந்தார்.

"அந்த இன்னொருத்தர்?" என்றார் மேஜர்.

"அது அவங்க பாடு. அவங்க கேட்டா அப்ப பார்த்துக்கலாம். உங்களுக்கு நான் சொல்லித்தரணுமா?"

சொல்லித்தர வேண்டியதில்லை. மேஜர் அறிக்கையை ஒரு பிசிறில்லாமல் வாசித்தார். முடித்ததும் பின்வரிசையில் ஒரு பெண் நிருபர் எழுந்து, அந்த இடத்தில் வேறு ஏதாவது கிடைத்ததா என்று கேட்டாள். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்ததும் அதுதான். அவர் மைக்கைக் கொஞ்சம் அருகே இழுத்துக்கொண்டார்.

"ரெண்டு பேர் இருந்தாங்க. ஒருத்தர் எங்க ஆள். இன்னொருத்தர் அந்தப் பக்கத்து வீரர். எங்க ஆள் அவருக்குக் கட்டுப் போட்டுவிட்டிருக்கார். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இறந்திருக்காங்க."

அன்றோடு மைக் அவருக்கு இல்லை என்றானது. கர்னல் கத்தவில்லை, பேச்சாளர் பட்டியலிலிருந்து பெயரை வெட்டினார், அவ்வளவுதான். "போகட்டும் விடுங்க. இனிமே வீட்ல பேசறதுக்கு உங்ககிட்ட கொஞ்சம் மிச்சம் இருக்கும்," என்றாள் மனைவி.

செய்தி வெளியானதால் எதிர்த்தரப்பு தன் வீரரின் உடலைக் கேட்டது. எல்லைப் பாலத்தில் வைத்து ஒப்படைப்பது என்று முடிவானது. மேஜர் அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஃப்ளாஷின் மனைவியும் வருவேன் என்று அவரோடு வந்தாள். பாலத்தின் நடுவில் காற்று பலமாக அடித்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரும், இறந்தவனின் அக்காவும் வந்தார்கள். சவப்பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவள் தன் மொழியில் என்னவோ கேட்டாள்.

மொழிபெயர்ப்பாளர் திக்கித் திணறி நம் மொழியில் சொன்னார். "அங்க இருக்காங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்கறாங்க."

கூட வந்திருந்த கர்னல் மேஜரைப் பார்த்தார். கண்ணிவெடி அகற்றும்போது தற்செயலாகக் கிடைத்தது என்பதுதான் சொல்ல வேண்டிய பதில்.

"அவரே சொன்னார்னு சொல்லுங்க," என்றார் மேஜர்.

மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். பிறகு சொன்னார். அந்தப் பெண் அதிர்ச்சி அடையவில்லை. மேஜரை உற்றுப் பார்த்தாள். பிறகு வேகமாகப் பேசத் தொடங்கினாள். மொழிபெயர்ப்பாளர் ஓடி ஓடிப் பிடித்தார்.

"அவங்க அம்மா படுக்கையில இருக்காங்களாம். கொஞ்ச நாளா ஒரே வார்த்தையைச் சொல்லிட்டே இருக்காங்களாம். தம்பி வந்து காதுல சொல்லிட்டுப் போறான்னு சொல்றாங்களாம். என்ன பாஷைன்னு வீட்ல யாருக்கும் தெரியல. இவங்க அதை மனப்பாடம் பண்ணி வச்சிருக்காங்க. உங்களுக்குப் புரியுதான்னு கேட்கறாங்க."

அந்தப் பெண் மேஜரின் அருகில் வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, பொருள் தெரியாத ஒலிகளை ஒன்றன்பின் ஒன்றாக, சிந்திவிடக்கூடாது என்பதுபோல வெளியே எடுத்தாள்.

"ஹி... இஸ்... மை... ஃப்ரெண்ட்."

அதே 'ஆர்' உருண்டது. மேஜருக்குக் காற்றில் கண் கலங்கியது. ஃப்ளாஷின் மனைவி அவர் கையைத் தொட்டாள்.

"என்ன சார் சொல்றாங்க?"

மேஜர் முதலில் அவளுக்குச் சொன்னார். பிறகு மொழிபெயர்ப்பாளருக்குச் சொன்னார். அவர் அதைத் தன் மொழியில் திருப்பினார். சின்ன வாக்கியம்தான், அந்த மொழியிலும் சீக்கிரம் முடிந்துவிட்டது. அந்த அக்கா கண்ணைத் திறந்து, மேஜரை விட்டுவிட்டு, அவருக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணை முதல்முறையாகப் பார்த்தாள்.